சப்பாணிப் பருவம்

தாளின் வலது மேல் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கிறது: 8-7-23. அன்று சனிக்கிழமை. பாளையங்கோட்டையில் டீச்சர் வீட்டு முன்னறையில், ஜன்னலை ஒட்டி நிற்கும் பழைய அப்ரைட் பியானோவில், ஜி மேஜர் மினுவெட்டின் முதல் எட்டு பார்களை இரண்டு கைகளாலும் நிற்காமல் வாசித்து முடித்தேன். எனக்கு அப்போது வயது 52.

எட்டு பார் என்பது பதினைந்து விநாடிகூட வராது. பியானோ படிக்கும் குழந்தைகள் எல்லோரும் கடந்துபோகும் உருப்படி அது. பாக் தன் இரண்டாம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725-ல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் இருப்பதால் பாக்கின் ஆக்கம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் எழுதியது என்று 1970களில்தான் தெளிவானது. மூன்றெண்ணித் தாளம். முதல் பாரில் வலது கை ஐந்து ஸ்வரம் போகிற நேரத்தில் இடது கை இரண்டே அடி வைக்கும். சொல்லும்போது எளிது. வலது கை ஓடினால் இடது கையும் கூடவே ஓடப் பார்க்கும். இடது கையை நிறுத்திப் பிடித்தால் வலது கையும் நின்றுவிடும். வாரக்கணக்காக அதைத் தனித்தனியே வாசித்து, ஒவ்வொரு கைக்கும் அதன் வழி மனப்பாடம் ஆன பிறகும், சேர்க்கிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவைபோல விறைத்துக்கொள்ளும்.

அன்று விறைக்கவில்லை. எட்டாவது பார் முடிந்து கைகளை மடியில் வைத்தேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டார். "ரெண்டு கையும் சேந்துட்டுல்லா தம்பி" என்றார். பியானோ மூடியின் மேல் கிடந்த பென்சிலை எடுத்துத் தேதியைப் போட்டார். எழுபத்துநான்கு வயது அவருக்கு. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று, கோயிலில் ஆர்கன் வாசித்தவர். பாளையில் கோயில் என்று அவர் சொன்னால் தேவாலயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் படித்த எல்லோருடைய தாள்களிலும் இப்படித் தேதிகள் இருக்கும். நன்றாக வாசித்த நாளுக்கு அவர் தேதி போடுவதில்லை. முதன்முறையாக ஒன்று வந்த நாளுக்கு மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கால் கிலோ சீனி மிட்டாய் வாங்கினேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். "எங்க, வாசிச்சுக் காட்டுங்க" என்று கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மகள் விட்டுப்போன கீபோர்டில் ஆரம்பித்தேன். வரவில்லை. மூன்றாம் பாரில் முட்டியது. மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாம் பாரிலேயே முட்டியது. நான்காவது தடவை கையை எடுத்துவிட்டேன். அவள் மிட்டாயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "டீச்சர் வீட்டுல வந்துச்சுல்லா. அப்ப வந்ததுதான்."

அந்த வாக்கியத்தை நான் இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை முதன்முதலாக நடந்த நாளை வீட்டில் எப்படிச் சொல்வோம்? இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று விழுந்திருக்கும். அன்று முழுக்க மறுபடி நடந்திருக்காது. ஆனால் பிள்ளை நடந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் போன் போகும். விழுந்ததைக் கணக்கில் சேர்த்து, அப்படியானால் இன்னும் நடக்கவில்லை என்று ஒரு பாட்டியும் சொன்னதில்லை. குழந்தைக்குச் செய்கிற இந்த நியாயத்தை நாம் வளர்ந்தவர்களுக்குச் செய்வதில்லை. தனக்குத்தானேகூடச் செய்துகொள்வதில்லை.

தமிழில் இந்த நியாயத்துக்கு ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பத்துப் பருவம். பெண்பாலாக இருந்தால் கடைசி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். மூன்றாம் மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு பருவமாக இருபத்தோராம் மாதம் வரை கணக்கு. பருவத்துக்குப் பத்துப் பாட்டு. செங்கீரை என்பது ஐந்தாம் மாதம்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்குப் பத்து விருத்தம். தலை நிமிர்ந்தது என்கிற ஒரு செய்திக்கு மலையையும் கடலையும் தேவர்களையும் அழைத்து வந்து நிறுத்துகிறார்கள்.

சப்பாணி ஒன்பதாம் மாதம். 1977-ல் வந்த படத்துக்குப் பிறகு அந்தச் சொல் நமக்கு நடக்க முடியாதவனைத்தான் நினைவூட்டுகிறது. பிள்ளைத்தமிழில் அதற்குப் பொருள் கை கொட்டுதல். குழந்தை உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டுகிறது. ஒரு கை எங்கே இருக்கிறது என்று மற்றக் கைக்குத் தெரிந்துவிட்ட மாதம். நான் டீச்சரிடம் சேர்ந்தது 2022 விஜயதசமி அன்று. அக்டோபர் 5. ஒன்பது மாதம் கழித்து எனக்குக் கை சேர்ந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை, தற்செயல்தான். ஆனால் அந்தச் சொல் எனக்குக் கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகு என் ஐம்பத்திரண்டு வயது கைகளை நான் பார்த்த விதம் மாறிவிட்டது.

இந்த வகையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிள்ளைத்தமிழ் பெரும்பாலும் குழந்தைகளைப் பாடியதில்லை. பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகப் பாடி அதற்கு வித்திட்டார். ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பாடினார். குலோத்துங்கன் மண் தின்கிற பிள்ளை இல்லை, முடி சூடிய சோழன். அவனைத் தரையில் உட்காரவைத்துச் சப்பாணி கொட்டு என்று ஒரு புலவர் பாடுகிறார், அரசவை கேட்கிறது. வளர்ந்தவனை ஒரு நாழிகை குழந்தையாக இருக்க அனுமதிக்கிற மொழி இது. அப்படி அனுமதிப்பதில் அவனுக்கு எந்த இறக்கமும் இல்லை என்று எண்ணூறு ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிற மொழியும்கூட. ஐம்பது வயதில் ஒரு வாத்தியத்தின் முன் உட்காருகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

பிள்ளைத்தமிழ் என்றதும் நினைவுக்கு வருகிற மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடிய குமரகுருபரர் நம் ஆற்றங்கரைக்காரர். 17-ஆம் நூற்றாண்டு, ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிப்போய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் அவர் வரலாறு சொல்கிறது. கதையின் அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். என் மனம் நிற்பது அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மழலை பேசி முடித்த வயதில் பேசாமல் இருந்த ஒரு பிள்ளை. மற்றப் பிள்ளைகளுக்குத் தானாக வருவது ஒருவனுக்குத் தாமதமாக வந்தால், அது வருகிற ஒவ்வொரு துளியையும் அவன் பார்த்திருப்பான். பிற்பாடு அவர் ஒரு பெண்குழந்தையின் மாதங்களை, மழலையை, கை கொட்டுதலை அத்தனை நுட்பமாகப் பாடியதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பு இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் இது தோன்றும்.

எனக்கு இடது கைதான் பேசாத பிள்ளை.

இதற்கு என் சோம்பல் மட்டும் காரணமில்லை, ஊர் வரலாறும் காரணம். எங்கள் வீட்டுப் பக்கத்தில் கட்டைவாத்தியம் என்றால் ஹார்மோனியம்தான். பாரிஸில் அலெக்சாண்டர் தெபேன் 1842-ல் காப்புரிமை பெற்ற ஹார்மோனியத்துக்குக் காலால் மிதிக்கிற துருத்தி. இரண்டு கையும் கட்டையில் இருக்கலாம். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 1875 வாக்கில் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற பெட்டியாக மாற்றினார். துருத்தி பின்பக்கம் போனது, கைக்கு வந்தது. இடது கை காற்றடிக்கும், வலது கை பாடும். நம் நாடக மேடை முழுக்க அந்தப் பெட்டிதான். செங்கோட்டை கிட்டப்பா பாட, அண்ணன் காசி ஐயர் வாசித்த ஹார்மோனியமும் அதுதான். என் பெரியப்பா பஜனைக்கு வாசித்ததும் அதுதான். நம் இசைக்கு அது பொருந்தியது. ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம், அதன் வளைவு, அதன் நடை என்று போகிற இசைக்கு ஒரு கை போதும். ஆனால் மூன்று தலைமுறையாகக் கட்டையில் கை வைத்த வீட்டில் பிறந்தும் என் இடது கைக்குத் தெரிந்த சங்கீதம் காற்றடிப்பது மட்டும்தான். பியானோவில் அதைப் பேசச் சொல்கிறோம். பேசுவதோடு, பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொன்றைப் பேசச் சொல்கிறோம்.

பாளையங்கோட்டையில் வேறொரு வழியும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மிஷனரிகள் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டிய ஊர். பாடகர் குழுக்கள் நான்கு குரல்களில் பாடின. அதற்கு அவர்களிடம் இருந்த கருவி டானிக் சோல்ஃபா. ஐந்து கோடு போட்ட தாள் வேண்டாம். ட, ர, ம, ஃப, ஸ, ல, ட்ட என்று எழுத்துகளிலேயே எழுதிவிடலாம். நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உண்டாக்கியதை ஜான் கர்வன் என்ற போதகர் 1840களில் எடுத்துச் செப்பனிட்டார். சங்கீதம் படிக்க வசதியில்லாத ஆலைத் தொழிலாளர்களுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் என்று அவர் நினைத்துச் செய்தது. சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ் கொடுத்தார். பகல் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு ராத்திரி வகுப்புக்கு வருகிற நாற்பது வயது ஆளுக்கு, கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. டீச்சர் வீட்டுச் சுவரில் சோல்ஃபா ஏணி இன்னும் தொங்குகிறது. துணி ஒட்டிய அட்டை. கீழிருந்து மேலாக எழுத்துகள். குச்சியால் அவர் தொட்டுக் காட்டக் காட்ட நான் பாட வேண்டும். நான் அதை ச ரி க ம என்றே வாசிக்கிறேன் என்று முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். "ரெண்டும் ஒரே ஏணிதான தம்பி. எங்குட்டு இருந்து ஏறுனா என்ன" என்றார்.

தமிழ்நாட்டில் கீபோர்டு படிக்கும் பிள்ளைகளில் பலர் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வு எழுதுகிறார்கள். தொடக்கநிலை ஒன்று, பிறகு எட்டு கிரேடு. மூன்று உருப்படி, ஸ்கேல் முதலான பயிற்சிகள், கூடவே சில சோதனைகள். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. வயது வரம்பு கிடையாது. டீச்சர் என்னை எழுதச் சொன்னதும் உண்டு. தேர்வை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு நாள் யாரோ ஓர் அந்நியர் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிற துணிவு பெரிய சொத்து. ஆனால் ஒரு கிரேடுக்கும் அடுத்த கிரேடுக்கும் நடுவில் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு அந்த ஏணியில் பெயரில்லை. வயதாகிக் கற்கிறவன் குடியிருப்பது அந்தப் பெயரில்லாத இடத்தில்தான். கட்டைவிரல் முதன்முதலாக நடுவிரலுக்கு அடியில் நுழைந்து, ஸ்கேல் உடையாமல் மேலே போன நாளுக்கு எந்த மார்க்கும் இல்லை. கையைப் பார்க்காமல் தாளைப் பார்த்து ஒரு முழு வரி வாசித்த நாளுக்கும் இல்லை.

இளையராஜா 1968-ல் சென்னைக்கு வந்து, இருபத்தைந்து வயதில், மயிலாப்பூர் சாய் லாட்ஜில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் கற்கத் தொடங்கினார் என்பதை நண்பர்கள் எனக்கு எடுத்துச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உதாரணத்தில் கற்றல் எங்கே போய் முடிந்தது என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. எங்கும் போய் முடியாத கற்றலுக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

அதைப் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே தேடினேன். எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் பரம்பரையில் தத்து வந்தவர். 1839-ல் பிறந்தவர். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற மலைபோன்ற நூல் 1904-ல் எட்டயபுரம் அச்சுக்கூடத்தில் வெளியானபோது அவருக்கு வயது 65. தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரத்தோடும் கமகக் குறிகளோடும் எழுதி வைத்த நூல் அது. இன்றும் அதைத் தொடாமல் அந்தக் கீர்த்தனைகளைப் பற்றிப் பேச முடியாது. அவ்வளவு பெரிய வேலையை முடித்த கிழவர் அடுத்த வருஷமே என்ன செய்தார் தெரியுமா? பிரதமாப்யாச புஸ்தகம் என்று ஆரம்பப் பாடப் புத்தகம் ஒன்று வெளியிட்டார். அதற்கு அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். கடைசிக் காலத்தின் உழைப்பில் ஒரு பகுதியை, ஸ ரி க ம தொடங்குகிறவனுக்காக ஒதுக்கி வைத்த மனுஷர். சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரும் அப்படித்தான். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெருநூலைக் கொண்டுவருவதற்குப் பத்து வருஷம் முன்பே, ஆரம்பத்தில் படிப்பவர்களுக்குத் தமிழில் கீதங்கள் வேண்டுமே என்று கருணாமிர்த சாகரத் திரட்டை வெளியிட்டார். அர்த்தம் தெரியாத மொழியில் முதல் அடி வைக்கிற பிள்ளையை அவர் பார்த்திருக்கிறார். கடல் அளவு தெரிந்த இந்த இரண்டு பேரும் முதல் படித்துறையை மறக்கவில்லை.

அப்பா வயலோடு வாழ்ந்தவர். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார். உள்பக்கம் திருப்பி அணை நீர்மட்டத்தைச் சத்தமாக வாசிப்பார். பாபநாசம் 143 அடி கொள்ளும். மணிமுத்தாறு 118. சாரல் பிடித்த நாட்களில் பாபநாசம் ஒரே நாளில் இரண்டடி ஏறியிருந்தால் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வார். அம்மா அடுக்களையிலிருந்தே "ஏறட்டும் ஏறட்டும்" என்பாள். அணை நிரம்பிய பிறகு சந்தோஷப்படலாம் என்று யாரும் காத்திருந்ததில்லை. பொதிகையில் புறப்பட்டு எட்டு அணைக்கட்டு தாண்டிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிற இந்த ஆற்றின் கரை முழுக்க, காருக்கும் பிசானத்துக்கும் காத்திருந்த எல்லா வீட்டிலும் இந்த வாசிப்பு நடந்திருக்கும். இரண்டடிக்கு முகம் மலர்கிற பழக்கம் எனக்கு அங்கேயிருந்து வந்தது. என் பயிற்சி நோட்டில் தினமும் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தேன், எது வந்தது என்று எழுதுவேன். ஓரத்தில் பாபநாசம் நீர்மட்டத்தையும் எழுதி வைப்பேன். டீச்சர் முதலில் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். காரணத்தைச் சொன்னேன். அதன்பிறகு சனிக்கிழமைகளில் நோட்டை வாங்கினால் முதலில் அந்த ஓரத்தைத்தான் பார்ப்பார்.

நோட்டில் 2023 டிசம்பர் 17 முதல் பன்னிரண்டு நாள் வெற்றாக இருக்கிறது. அந்த வெள்ளத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள் மறைந்தது. திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கீபோர்டு ஊமையாக இருந்தது. நான்காம் நாள் ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதன்முன் உட்கார்ந்து மினுவெட்டை வாசித்தேன். கட்டைகள் இறங்குகிற மெல்லிய தட்டல் மட்டும் கேட்டது. சத்தமில்லாத அந்த வாசிப்பில் இடது கையை முதன்முறையாகத் தனியாக உணர்ந்தேன். எப்போதும் வலது கையின் ராகம் காதை நிறைத்து அதை மூடிவிடும். இப்போது இரண்டுக்கும் ஒரே அளவு மௌனம். இடது கை தன் பாட்டுக்கு இறங்கி ஏறி, ஓரிடத்தில் காத்திருந்து, மறுபடி இறங்கியது. அடுத்த அறையில் எங்களோடு வந்து தங்கியிருந்த உறவினர்கள், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள், தூங்கிக்கொண்டிருந்தார்கள். இதை யாரிடமும் சொல்வது நியாயமாகப் படவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. கரண்ட் வந்த பிறகு டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் நாட்காட்டியைப் பார்த்து நாள் கேட்டு, தாளில் 20-12-23 என்று போட்டார். "அதான் பெருசு" என்றார்.

மழைக்காலத்தில் டீச்சரின் பியானோவுக்குள் சின்ன பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். சுத்தியலின் கம்பளி கனத்துச் சத்தம் மங்கும். அந்தச் சூடு அதைக் காக்கும் என்று அவருக்கு அவருடைய டீச்சர் சொல்லிக்கொடுத்தாராம். கீழ்ப்பலகையின் இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் தரையில் ஒரு கோடாக விழும். மிதிபலகையைத் தேடும்போது என் கால் அதில் மஞ்சளாகத் தெரியும்.

போன வருஷம் ஐப்பசியில் அவர் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. சனிக்கிழமை நான் போவதை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது கையால் எனக்குத் தாளம் போட்டார். இடது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடந்தது. ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது பியானோ சத்தம் கேட்டது. நின்றுவிட்டேன். ஸ, ரி, க, ம, ப. ஐந்தே ஸ்வரம், இடது கையால். சிறுவிரலில் தொடங்கிக் கட்டைவிரல் வரை. நான்காவது விரல் இறங்கவில்லை, அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. மறுபடி ஆரம்பித்தார். ஓட்டை. ஐம்பது வருஷம் நான்கு குரல் கீர்த்தனைகளைத் தாங்கிப் பிடித்த கை அது. நடை மாறாமல் அதே வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பல்பின் வெளிச்சம் அவர் செருப்பின் மேல் விழுந்திருந்தது. ஒரு தடவை ஐந்தும் வந்தது. நான்காவது மெலிசாக, ஆனால் வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்கிய? பென்சிலை எடுங்க."

எந்தத் தாளில் போடுவது என்று கேட்டேன். அவர் முன்னால் தாள் எதுவும் இல்லை. என் நோட்டை வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கம் ஒன்றைக் காட்டினார். தேதி எழுதினேன். பார்த்துவிட்டு, பக்கத்து ஓரத்தை விரலால் தொட்டார்.

"பாபநாசம் இன்னைக்கு எத்தனை அடி? அதையும் எழுதுங்க."